காசியில் விட்ட காய்

ஜவஹர் அலியின் காய்கறி வண்டி சுரக்குடித் தெருவில் திரும்பும்போதே ராஜம் முறத்தோடு வாசலுக்கு வந்துவிடுகிறாள். லோடு ஆட்டோவின் ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் தினமும் ஒரே வரிசையில்தான் சொல்லும்: தக்காளி, வெங்காயம், வெண்டைக்காய், கத்தரிக்காய். நான்காவது பெயர் வரும்போது வண்டி சரியாக அவள் வீட்டுக்கு முன்னால் நிற்கும். ராஜம் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பாள். சுரைக்காயில் நகத்தைப் பதிப்பாள். முருங்கைக்காயை லேசாக முறுக்கி, முற்றல் என்றால் வண்டிக்காரனை ஒரு பார்வை பார்ப்பாள். கத்தரிக்காய்க் கூடையை மட்டும், அப்படி ஒரு கூடையே அங்கே இல்லாததுபோல், தாண்டிப் போவாள்.

எப்போதாவது வெண்டைக்காயை அள்ளிப் போடும்போது ஒரு கத்தரிப் பிஞ்சும் சேர்ந்து தராசில் விழுந்துவிடும். ராஜம் அதன் காம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, அதன் கூடையிலேயே திரும்ப வைத்துவிடுவாள்.

“நம்ம வூட்டுக்கு அது ஆவாது தம்பி. தெரியாதா ஒனக்கு?”

ஜவஹர் அலிக்கு எட்டு வருஷமாகத் தெரியும். ஒருமுறை, “கொசுறாத்தான் கெடக்கட்டுமேக்கா” என்று சொல்லிப் பார்த்தான். அன்று ராஜம் பொறுக்கி வைத்த காய் அத்தனையையும் வண்டியிலேயே கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் அந்த விளையாட்டை வைத்துக்கொள்வதில்லை.

காரணம் தெருவுக்கே தெரியும். காசிக்கும் கயாவுக்கும் போகிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு காயையும் ஒரு பழத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். விட்டது விட்டதுதான், ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது. ராஜத்தின் கணவர் பஞ்சநாதன் கத்தரிக்காயை விட்டுவிட்டு வந்தார். அது இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால். போன மாசியில், அறுவடை முடிந்து வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மார்வலி என்று வரப்பில் உட்கார்ந்த பஞ்சநாதன் எழுந்திருக்கவில்லை. கத்தரிக்காய் இன்னும் அந்த வீட்டுக்குள் வரவில்லை.

பஞ்சநாதன் யாத்திரை பஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர். திருநள்ளாற்றிலிருந்து கிளம்பும் பஸ். நாற்பது பேர், இருபத்தொரு நாள். பஸ்ஸின் பின்பக்கம் அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், இரண்டு பெரிய அடுப்பு, அலுமினிய அண்டாக்கள், அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் கால் மடக்கி உட்காரும் அளவுக்கு இடம். அந்த இடத்தில் உட்கார்ந்தபடியே அவர் துவாரகைக்கும் பூரிக்கும் பத்ரிநாத்துக்கும் போய்வந்தார். காசிக்கு மட்டும் முப்பத்தொரு தடவை. தெருவில் ஒரு குழந்தைக்குக் கட்டிய காசிக் கயிறு நைந்துபோனால், “பஞ்சநாதன் அடுத்த ட்ரிப்பு எப்போ?” என்றுதான் கேட்பார்கள்.

ஊர்களை அவர் கோபுரங்களால் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீராலும் காற்றாலும் ஞாபகம் வைத்துக்கொண்டார். நாசிக்கில் வெங்காயம் நன்றாக இருக்கும், தண்ணீர் உதவாது, பருப்பு வேகாது. அலகாபாத்தில் ஆற்றங்கரைக் காற்று அடுப்பை எரிய விடாது, நாலு பக்கமும் தகரம் வைத்து மறைக்க வேண்டும். பத்ரிநாத்தைப் பற்றி யாராவது கேட்டால், “மேல போவப் போவ, சூடு ஏறாமலே தண்ணி கொதிச்சிடும்ங்க. அத நம்பி அரிசியப் போட்டா ஏமாந்துடுவோம்” என்பார். கேட்டவர்கள் சாமியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அவர் அடுத்து விறகைப் பற்றிச் சொல்வார்.

நாற்பது பேருக்குச் சமைத்த கை நாலு பேருக்கு வராது. வீட்டில் ஒரே ஒருநாள் சாம்பார் வைத்தார். உப்பு நாற்பது பேருக்கு இருந்தது. அதற்குப் பிறகு ராஜம் அவரை அடுப்பங்கரைப் பக்கம் விடவில்லை.

ராஜம் தஞ்சாவூரைத் தாண்டியதில்லை. ஆனால் வடக்கே போகிற யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டி கட்டுவதில்லை. ஹரித்துவாரில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும், விட்டால் தண்ணீர் இழுத்துவிடும் என்பாள். ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு நடுங்காதீர்கள், மேலாப்பில் வையுங்கள் என்பாள். பார்த்தவள் சொல்வதுபோல் இருக்கும். வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் அவளிடம் யாத்திரைதான் அடையாளம். மகள் தமிழ்மொழி, ஏழாவது காசிக்குப் பிறந்தவள். மாடு விற்றது, பத்தொன்பதாவது. அவர் போயிருக்கும் நாளெல்லாம் ஆறு மா நிலத்தையும் அவள்தான் பார்த்தாள். கடைமடைக்குத் தண்ணீர் வரும் அன்றைக்கு மண்வெட்டியோடு வாய்க்கால் தலைப்பில் போய் நிற்பாள். ஒருமுறை காசி முடித்து அப்படியே ராமேஸ்வரம் வரை போய்விட்டு வந்தவர் நாற்றங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நட்டு, களையும் எடுத்தாகிவிட்டது என்றாள்.

தொலைக்காட்சியில் வானிலை சொல்லும்போது அவள் சத்தம் கூட்டுவது காரைக்கால் மழைக்காக அல்ல. வடக்கே குளிர் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வாள். இப்போதும் கேட்டுக்கொள்கிறாள்.

அந்த முதல் காசி யாத்திரையிலிருந்து பஞ்சநாதன் திரும்பிய நாளை ராஜம் பலமுறை சொல்லியிருக்கிறாள். மகன் ரஞ்சித்குமார் அப்போது கைக்குழந்தை. புருஷன் வருகிறார் என்று அவருக்கு உயிரான எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைக்க, அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து பிஞ்சுகளை நாலாகக் கீறிக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். காசியில் என்ன விட்டீர்கள் என்று முதலில் கேட்டது அவள்தான். பஞ்சநாதன் பையை இறக்கி வைத்தார். அவள் கையைப் பார்த்தார்.

“கத்தரிக்கா” என்றார்.

பழம் எது என்று ஒருத்தி கேட்டதற்குப் பேரிக்காய் என்றார். சுரக்குடியில் பேரிக்காயை யார் கண்டார்கள்? பெண்கள் சிரித்தார்கள். ராஜம் சிரிக்கவில்லை. இவ்வளவு பிடித்ததை விட்டுவிட்டு வந்திருக்கிறாரே என்று அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். கீறிய காயையெல்லாம் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இருபத்தொரு நாள் கழித்து வந்தவருக்கு ரசமும் அப்பளமும் போட்டாள். அன்றிலிருந்து அவளும் விட்டுவிட்டாள்.

“அவங்க அவ்வளவு தூரம் போயி விட்டாங்க. நாம வூட்ல இருந்துகிட்டே விட்டோம். அந்தப் புண்ணியத்துல பாதியாச்சும் நமக்கு வராதா?”

இந்தப் பாதி அவளுக்குப் பெரியது. பின்சீட்டில் ஓர் இடம் இருக்கிறது, ஒரு தடவையாவது நீயும் வா என்று பஞ்சநாதன் சில யாத்திரைகளுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டிருக்கிறார். நடவு இருந்தது, மாடு இருந்தது, பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது. எனக்குத்தான் பாதி வந்துவிட்டதே என்று சொல்லி அவரை அனுப்பிவைப்பாள். கொட்டுச்சேரியில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் பஞ்சநாதன் இலையில் கத்தரிக்காய்க் கறியை வைத்துவிட்டான். பெண்கள் பந்தியிலிருந்து ராஜம் எழுந்து வந்து, “காசிக்குப் போன இலை அது, எடுங்க” என்றாள். இலையையே மாற்றினார்கள். பந்தி முழுவதும் மரியாதையோடு பார்த்தது. பஞ்சநாதன், போகிற இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைத்திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தமிழ்மொழி நினைவஞ்சலிப் பதாகைக்கு வாசகம் எழுத உட்கார்ந்தாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்பை முடித்தவள் அவள். வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மற்ற பதாகைகளில் இருப்பதுபோல் ‘எங்கள் குலவிளக்கு’ என்று போட அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவைப் பற்றி உண்மையாக ஒரு வரி வேண்டும். ‘முப்பத்தொரு முறை காசி கண்டவர்’ என்று எழுதினாள். மற்ற ஊர்களின் பெயர்களைச் சரிபார்க்க மாரிக்கண்ணுவுக்குப் போன் செய்தாள்.

மாரிக்கண்ணு பட்டினச்சேரிக்காரர். மீனவர் வீட்டில் பிறந்தும் படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவர். அதனாலேயே கரையில் பிழைப்புத் தேடி, யாத்திரை பஸ்ஸில் பஞ்சநாதனுக்குக் காய் நறுக்கப் போய், முதல் காசி யாத்திரையிலிருந்தே கூட இருந்தார். போனில் சொல்லாமல் மறுநாள் காலையில் மொபெட்டில் நேராகவே வந்துவிட்டார். திவசச் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வாங்க வேண்டிய சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் சொன்னார்.

“கத்தரிக்கா நல்ல பிஞ்சா வாங்கிடுங்க அண்ணி. அது இல்லாம அண்ணனுக்கு ஒரு வாய் எறங்காது.”

ராஜம் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அப்பாதான் அதைக் காசியில் விட்டுவிட்டாரே என்று தமிழ்மொழி சொன்னாள்.

“காசியில எங்க பாப்பா விட்டாரு? காசியிலதான் வாங்குவோம். அங்க குண்டுக் கத்தரிக்கான்னு ஒண்ணு வரும், புள்ளத் தலை கணக்கா. பஸ்ஸு நிக்கிறதுக்குள்ள அண்ணன் அதத் தேடிப் போயிடுவாரு. நெருப்புல சுட்டு, உப்பு போட்டுப் பெசஞ்சு…”

டம்ளரில் விழுந்துகொண்டிருந்த காபி நின்றுபோனது அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. கயாவில் காய் விடுகிற ஆலமரத்தடிக்கு இருவரும் ஒருநாளும் போனதில்லை. யாத்திரைக்காரர்கள் அங்கே போயிருக்கும் நேரம்தான் இவர்கள் காய் நறுக்குகிற நேரம். சாமி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசிக்கும். வருவதற்குள் சோறு வடித்தாக வேண்டும். எல்லா ஊரிலும் அப்படித்தான். முப்பத்தொரு தடவையில் ஒரு தடவைகூட கோயிலுக்குள் போகவில்லையா என்று தமிழ்மொழி கேட்டாள்.

“கோயிலுக்குப் போவல. கங்கையில எறங்கியிருக்கோம் பாப்பா. அண்டா கழுவ.”

ராஜம் காபியை அவர் முன்னால் வைத்தாள். சுவரில் பஞ்சநாதனின் படம் இருந்தது. பத்ரிநாத்தில் யாரோ எடுத்தது, குல்லாய் போட்டிருக்கிறார், பின்னால் பனிமலை இல்லை, பஸ்ஸின் பின்கதவு. அவள் அதைப் பார்க்கவில்லை. முந்தானையால் டம்ளரின் அடியில் சிந்தியிருந்ததைத் துடைத்தாள்.

“அப்ப நான் விட்டது என்னாவுறது?”

மாரிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

“அண்ணனும் இதத்தான் கேப்பாரு அண்ணி. ஒவ்வொரு ட்ரிப்பும், இந்தத் தடவ வூட்டுக்குப் போனதும் சொல்லிடறேன்னு கெளம்புவாரு. அடுத்த ட்ரிப்பு வர்றப்ப நான் கேட்டா, ‘சொன்னா அவ விட்டது என்னாவுறது மாரி’ம்பாரு. அடுப்பப் பத்த வைக்கப் போயிடுவாரு. கடைசியிலயாவது ஒங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்.”

அவர் போன பிறகு ராஜம் மாட்டுக் கொட்டகையாக இருந்த இடத்தைப் பெருக்கினாள். அங்கே பெருக்க ஒன்றும் இல்லை. மத்தியானம் தமிழ்மொழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இது வெறும் பழக்கம்தானே அம்மா, விட்டாலும் விடாவிட்டாலும் என்ன என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது அம்மாவைத் தேற்றுவதுபோல் இல்லை, சின்னதாக்குவதுபோல் இருந்தது. தேர்வுப் புத்தகத்தில் எந்தக் கேள்விக்கும் நான்கு விடைகளாவது கொடுத்திருப்பார்கள். விட்டது உண்மையா இல்லையா? உண்மை என்றால் அப்பாவின் இலையில் அது கூடாது. இல்லை என்றால், பிடித்தது இல்லாத இலையை அவருக்கு எப்படிப் போடுவது? அப்படிப் போட்டுவிட்டால் அம்மாவின் இருபத்தேழு வருஷம்?

பதாகை வாசகத்தை அடித்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள். காசி கண்டவர் என்பது பொய்யாகிவிட்டதே.

ராஜம் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

“காசிக்குப் போனவருன்னு போடு. போனாங்கல்ல.”

பதாகை அப்படித்தான் அச்சாகி, கொம்யூன் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கட்டப்பட்டது. போகிற வருகிறவர்கள் படித்துவிட்டு, எவ்வளவு புண்ணியம் செய்த மனிதர் என்றார்கள். ராஜம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பத்து நாளும் அவள் அதிகம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. ஒருநாள் சோறு வடிக்கும்போது, யாரிடமும் இல்லாமல், “கொட்டுச்சேரியில அந்த எலையப் பாத்துட்டே இருந்தாங்க” என்றாள். இன்னொரு நாள், “பேரிக்காயாம்” என்றாள். லேசாகச் சிரித்ததுபோலவும் இருந்தது.

திவசத்துக்கு முந்தின நாள் காலை வண்டி வந்தது. தக்காளி, வெங்காயம், வெண்டைக்காய், கத்தரிக்காய். ராஜம் முறத்தைக் கத்தரிக்காய்க் கூடையின்மேல் வைத்தாள். ஜவஹர் அலி தராசைத் தூக்கியவன் அப்படியே நின்றான். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்து, சொத்தை இல்லாத ஒன்பது பிஞ்சுகளைப் பொறுக்கினாள். இருபத்தேழு வருஷம் தொடாத கை பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தது, தடுமாறவில்லை.

“தமிழோட அப்பாவுக்கு” என்றாள், அவன் கேட்காமலே.

ஜவஹர் அலி கையை நீட்டி ஒலிபெருக்கியை அணைத்தான். அவள் உள்ளே போகும்வரை போடவில்லை.

மறுநாள் மாரிக்கண்ணு வடை, பாயசம், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் செய்தார். கத்தரிக்காயை எடுக்க வந்தபோது ராஜம் முறத்தை நகர்த்திக்கொண்டாள்.

“ஒங்க கை நாப்பது பேருக்குச் செய்யிற கை. இது ஒருத்தவங்களுக்கு.”

காம்பை நீக்காமல் நாலாகக் கீறினாள். எண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றினாள். படையலுக்கு ஆக்குவதை ருசி பார்க்கக்கூடாது. உப்பு சரியாக இருக்கிறதா என்று அவளால் வாசனையை வைத்துத்தான் பார்க்க முடிந்தது. மூடியைத் திறந்து, முகத்தை ஆவிக்கு அருகில் கொண்டுபோய், ஒரு சிட்டிகை சேர்த்தாள்.

ஓசூரிலிருந்து லீவில் வந்திருந்த ரஞ்சித்குமார் திருமலைராயன்பட்டினம் கடற்கரையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தான். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டார்கள். எல்லாவற்றையும் வைத்த பிறகு ராஜம் குழம்பைக் கொண்டுவந்தாள். இலையின் நடுவில் ஒரு கரண்டி வைத்தாள். எழுந்திருக்கப் போனவள் திரும்ப உட்கார்ந்து, சாப்பிடுகிறவர் போதும் என்று சொல்லிவிடுவதற்கு முன்னால் வைப்பதுபோல் அவசரமாக இன்னொரு கரண்டியும் வைத்தாள். மாரிக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காகத்துக்குச் சோறு வைக்கும்போது ரஞ்சித்குமார் ஒரு கத்தரிக்காயையும் மேலே வைத்தான். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதை எடுக்கிறது என்று பார்த்துவிட்டால் ஏதோ தீர்ந்துவிடும் என்பதுபோல் தமிழ்மொழியும் பார்த்தாள். காகம் வந்தது. வடையை எடுத்துக்கொண்டு போனது.

படைத்த இலையில் வீட்டுக்காரி சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பிள்ளைகள் இருவருக்கும் பக்கத்தில் இலை போட்டுவிட்டு ராஜம் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். குழம்பு நடுவில் எண்ணெய் பிரிந்து, இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மாரிக்கண்ணு கையில் பாயசச் செம்போடு நின்றார். தமிழ்மொழி தன் இலையைப் பார்ப்பதுபோல் அம்மாவின் கையைப் பார்த்தாள். ராஜம் ஒவ்வொரு கத்தரிக்காயையும் காம்பைப் பிடித்து எடுத்து, மகன் இலையில் இரண்டும் மகள் இலையில் இரண்டுமாக வைத்தாள். குழம்பு பட்ட சோற்றை ஒரு பருக்கை விடாமல் ஓரத்துக்கு ஒதுக்கினாள். விரலில் மிச்சம் ஒட்டியிருந்த குழம்பை நக்குவதற்காக வாய்வரை கொண்டுபோனவள், நிறுத்தி, தண்ணீர்ச் செம்பைச் சாய்த்து அந்த விரலைக் கழுவிக்கொண்டு, வெள்ளைச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.